வௌவால் வீட்டு விருந்து

விசா விண்ணப்பத்தில் என்ன எழுதினேனோ விடுங்கள்.
என் உத்தியோகம்
மரத்தடியில் பாய் விரிப்பது.
கோரைப்பாய் இல்லை,
இரும்புக்கடையில் மீட்டர் இரண்டு டாலருக்கு அளந்து தரும்
வெள்ளை பிளாஸ்டிக்.
மூன்றரைக்கு விரித்துவிட்டுக் காருக்குள் காத்திருப்பேன்.
இரைக்குப் போனவை ஐந்து மணிவாக்கில் திரும்பும்,
கிளைக்குச் சண்டையிடும், தொங்கும்.
நாளெல்லாம் தலைகீழாய்க் கிடக்கும் ஜென்மம்
ஒன்றுக்குப் போகையில் மட்டும்
கட்டைவிரலால் கிளையைப் பற்றி
தலை நிமிரும்.

பாயில் விழுந்ததைச் சொட்டுச்சொட்டாய் உறிஞ்சிக்
குப்பியில் அடைப்பேன்.
தேதி. மரத்தின் எண். கோ. என்ற என் முதலெழுத்து.
பத்தொன்பது வருஷம்.
பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.
ஒன்றும் இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்,
சம்பளமே அதற்குத்தான்.

ஊர் பூனா என்றதும்
மராட்டியத்திலா என்றாள் அக்கா.
குவீன்ஸ்லாந்தில் என்றேன்.
ஓர் ஓடை, ஒரு பேக்கரி, நிறையக் குதிரை.
அதில் பெப்பர் என்ற சாம்பல்நிறப் பெண்குதிரை
மூக்கில் நுரைதள்ளி இரண்டே நாளில் செத்தது.
அதன் முகத்தை மடியில் வைத்திருந்த கிளைவ் ராட்கேக்கு
மூன்று வாரம் விட்டுவிட்டு ரத்தம் எடுத்தோம்.
அவர் கேட்டது ஒரே கேள்வி:
எந்த மரத்தை வெட்டணும்?
அத்திமரத்தடியில் தண்ணீர்த்தொட்டி வைக்காதீர்கள் என்றேன்.
பிழைத்துக்கொண்டார்.
என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவார்.

ஜீலாங் ஆய்வுக்கூடத்தில் கடைசிக் கதவுக்கு முன்
உடம்பில் குண்டுமணி உலோகம் இருக்கக் கூடாது.
காற்றடைத்த உடைக்குள் காது நிறைய இரைச்சல்.
வெளியேற மருந்துமழை, பிறகு சோப்பு, பிறகு தலைமுடி.
மூக்குத்தியைக் கழற்றிக் கழற்றி மாட்டியவள்
ஒருநாள் கழற்றியதோடு விட்டேன்.
துளை தூர்ந்து
தொட்டால் இப்போது கடுகளவு மேடு.
கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

குதிரையை இரண்டு நாளில் சாய்ப்பது
வௌவாலுக்குள் வாடகை தராத குடித்தனமாய் இருக்கிறது.
காய்ச்சல் இல்லை, சளி இல்லை.
ஏன் என்று கேட்டு நான்குமுறை நிதிக்கு எழுதினேன்,
ஒருமுறை கிடைத்தது.
உலகமே முகத்தை மூடிக்கொண்ட வருஷம்
பல் வைத்தியர்கூட என்னிடம் வௌவால் கதை கேட்டார்,
என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு.
அதற்கடுத்த வருஷம்
குளிர்பெட்டியின் மின்கட்டணத்துக்கே மனுப்போட்டேன்.

இந்த ஜனவரி, நாற்பத்துநாலு டிகிரி.
கிளைகளை விட்டு அடிமரத்துக்கு இறங்கி
ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு
இறக்கையை நக்கி நக்கி விசிறின.
மூன்று மணிக்கு,
நான் விரித்த பாயில் சொட்டு விழவில்லை,
அவையே விழுந்தன.

மண்ணீரல், நுரையீரல், முடிந்தவரை எடு,
இப்படி ஒரு வாய்ப்பு வராது என்று
மெல்பர்னிலிருந்து செய்தி.
வராதுதான். எடுத்தேன்.
நாற்பத்தொன்றாவதை அறுக்கும்போது
காட்டுயிர்க் காப்பகத்து நெரிடா குறுக்கே வந்து
செத்த தாயின் முலையைக் கவ்வியிருந்த குட்டியைப் பிரித்து
உனக்குத் தடுப்பூசி போட்டிருக்கில்ல, பிடி என்று
திணித்துவிட்டு ஓடினாள்.
வேறெந்தக் காரணமும் இல்லை.

மாலையில் பிணங்களை அள்ள
நகரசபை அனுப்பிய இயந்திரத்தை ஓட்டிவந்தவர் ராட்கே.
எஞ்சினை அணைக்காமல் கேட்டார்:
இது எல்லாத்திலயும் அது இருக்கா?
சிலதில் இருக்கலாம். பார்க்கணும்.
பார்த்துச் சொல்லு.
முதல் குவியலை மெதுவாக, தரையைச் சுரண்டாமல், தூக்கினார்.

வௌவால் வீட்டுக்கு விருந்து போனால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள்.
இங்கே விருந்தாளி வந்து
என் கைமடிப்பில் தலைகீழாய்த் தொங்கியது,
நகம் கையுறையைத் துளைக்காத கவனத்தோடு.
சீனித்தண்ணீர் குடித்தது.
சற்றுநேரம் பொறுத்துக் கட்டைவிரலால் பற்றி
தலை நிமிர்ந்து
என் முழங்கையெல்லாம் நனைத்தது.

கை தானாகக் குப்பியைத் தேடியது.
தேதி எழுதினேன்.
மரத்தின் எண் என்ற கட்டத்தில்
கோ. என்று எழுதினேன்.